எரிமலைச் சாம்பலும் ஜனக்புரியின் மூச்சும்

எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் உள்ள ஹெய்லி குப்பி எரிமலை 2025 நவம்பர் 23 அன்று வெடித்தது. செங்கடலையும் அரபிக்கடலையும் தாண்டி அதன் சாம்பல் மறுநாள் இரவே டெல்லி வானத்துக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே புகைமூட்டத்தில் இருமிக்கொண்டிருந்த டெல்லியின் ஜனக்புரிவாசிகளுக்கு இரண்டு கவலைகள்: இனி மூச்சு என்னாகும்? விமான டிக்கெட் என்னாகும்?

முதலில் டிக்கெட். எரிமலைச் சாம்பல் என்பது பொடியான பாறையும் கண்ணாடியும். இன்ஜின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982இல் இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானத்தில் நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின; கீழிறங்கிய பிறகே மீண்டும் இயங்கின. ஆகவே, 2025 நவம்பரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.) எச்சரித்ததும் ஏர் இந்தியா உள்ளிட்ட நிறுவனங்கள் சில விமானங்களை ரத்து செய்ததும் சரியான முடிவுகள்தான்.

இயற்கைச் சீற்றத்தால் விமானம் ரத்தானால் நிறுவனம் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. ஆனால் டிக்கெட் பணம் உங்களுடையது. மாற்று விமானமா, முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுடையதே. "அடுத்த பயணத்துக்கு வரவு வைத்துக்கொள்கிறோம்" என்றால் மறுக்கலாம், டி.ஜி.சி.ஏ. விதிப்படி அது பயணியின் விருப்பம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 நாளில் பணம் திரும்ப வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே. ரத்து குறித்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். இழுத்தடித்தால் ஏர்சேவா என்ற அரசுத் தளத்திலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யுங்கள். அடுத்த படி நுகர்வோர் ஆணையம்.

மூச்சு விஷயத்துக்கு வருவோம். அந்தச் சாம்பல் மிக உயரத்தில் மிதந்து சீனாவை நோக்கி நகர்ந்துவிட்டது. டெல்லியின் தரைக்காற்றை அது கெடுக்கவில்லை.

எரிமலை பருவநிலையை மாற்றிவிடுமா என்ற கேள்வியும் எழலாம். அதை மாற்றுவதில் சாம்பலைவிடக் கந்தக டை ஆக்சைடுக்கே பங்கு அதிகம். பெருவெடிப்புகளில் அது அடுக்கு மண்டலம் வரை ஏறி, நுண்துளிகளாகி, வெயிலைத் திருப்பி அனுப்பும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினதுபோ வெடித்தபின் உலகின் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி குறைந்தது. 1815இல் தம்போரா எரிமலை வெடித்தபின், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் பயிர்கள் பொய்த்தன. ஹெய்லி குப்பி அந்த அளவுக்குப் பெரியதல்ல. புவி வெப்பமாவதற்கு எரிமலைகள்தான் காரணம் என்பாரும் உண்டு. ஆனால் அவை ஆண்டுதோறும் கக்கும் கரியமில வாயு, மனிதர் வெளிவிடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

டெல்லிக்குத் திரும்புவோம். நம் நுரையீரலைக் கெடுக்கும் புகை வாகனத்திலிருந்தும், கட்டடத் தூசியிலிருந்தும், தெருமுனையில் எரியும் குப்பையிலிருந்தும் வருகிறது. ஜனவரி இரவில் காலனி வாசலைப் பாருங்கள். குளிர் தாங்காத காவலாளி தகர டப்பாவில் மரத்துண்டும் பிளாஸ்டிக்கும் போட்டு எரிப்பார். முதலில் அதைச் சுவாசிப்பவரும் அவரே. அவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு மின்சார ஹீட்டர் தர வேண்டியது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்று டெல்லியின் மாசுக் கட்டுப்பாட்டு நடவடிக்கைத் திட்டமே சொல்கிறது.

மாசில்லாத காற்று வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. குப்பை எரிந்தால் படம் எடுத்து 'கிரீன் டெல்லி' செயலியிலோ 'சமீர்' செயலியிலோ புகார் பதியுங்கள். அதற்கு முன், உங்கள் காலனிக் காவலாளிக்கு ஹீட்டர் இருக்கிறதா என்று சங்கத்தில் இந்த வாரமே கேளுங்கள்.