இருவகைத் துரு: அல்காவும் பங்கசும்

1869 ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களிற் செம்மஞ்சட் பொட்டுக்களாகத் தோன்றிய இலைத்துரு, ஏறக்குறைய 20 ஆண்டுகளில் அப்பயிர்ச்செய்கையையே வீழ்த்திற்று. அதனை விளைத்த எமிலேயா வசுதாத்திரிட்சு ஒரு பங்கசு. கோப்பியின் இடத்தைப் பெற்ற தேயிலையிலும் செந்துரு என்றொரு நோயுண்டு. அதனை விளைப்பதோ செபலூரோசு என்னும் அல்கா. பெயரும் நிறமும் ஒத்திருத்தல் கண்டு மாணவர் மயங்குதல் இயல்பே.

அல்காவிற் பச்சையம் உண்டு. செபலூரோசின் செம்மஞ்சள் நிறம் அப்பச்சையத்தை மறைத்து நிற்கும் வேறு நிறப்பொருள்களால் வருவது. ஒளித்தொகுப்பினால் தன் உணவைத் தானே ஆக்கவல்ல இவ்வல்கா, வலிகுன்றிய தேயிலைச் செடியையே மிகுதியும் வருத்தும். பங்கசுக்குப் பச்சையமில்லை. துருப்பங்கசின் இழைகள் இலைக்கலங்களுட் பருகிகளைச் செலுத்தி, ஆக்கப்பட்ட உணவையே உறிஞ்சும். ஆதலின் செழித்த கோப்பிச் செடியும் அதற்கு இரையாயிற்று.

கலச்சுவரும் வேறு: பங்கசில் கைற்றின், இவ்வல்காவிற் செலுலோசு. செபலூரோசின் இயங்குவித்திகள் இலைமேற் படிந்த நீரில் சவுக்குமுளைகளால் நீந்தும். கோப்பித்துருவின் வித்திகளுக்கு அவ்வுறுப்பே இல்லை. அவற்றைக் காற்றும் மழைத்துளியும் பரப்பும்.

இத்துணை வேறுபாடிருந்தும், இலைமேல் வாழும் சித்திரிகுலா என்னும் இலைக்கனில் இதே செபலூரோசு ஒரு பங்கசுடன் கூடி ஓருடலாய் வாழ்கின்றது.