சக்கரக் கரணமும் உழைக்கும் உடலும்: திருகோணமலைக் கடற்கரையை முன்வைத்து ஒரு குறிப்பு

கரணம் என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் குறித்து வந்துள்ளது. தொல்காப்பியத்தில் அது மணச்சடங்கு. நாட்டிய நூலாரிடத்துக் கையுங் காலும் இயைந்த ஆடல்நிலை. கழைக்கூத்தாடியிடத்து உடலைத் தலைகீழாய்ப் புரட்டும் வித்தை. தஞ்சைப் பெரிய கோயிலின் மேற்றளத்தில் 108 கரணங்களுள் 81 சிவபெருமானின் உருவிற் செதுக்கப்பட்டுள்ளன. கல்லிலமைந்த கரணத்துக்குக் கோயிலில் இடங் கிடைத்தது. உடலாற் செய்து பிழைத்தவனுக்குக் கிடைத்தது தெரு. அவனது திறனும் 'குலவித்தை' எனப் பெயரிடப்பட்டுப் பிறப்போடு பிணைக்கப்பட்டது. இக்கருத்துப் பொருந்துமா என்பதைத் தசைகளின் தொழிற்பாட்டைக் கொண்டே சோதித்தல் தகும்.

திருகோணமலைத் துறைமுக நகரின் டச்சுக் குடாக் கரையில், மாலை வேளைகளிற் சிறுவர் பக்கவாட்டாகக் கையூன்றிச் சுழல்வதைக் காணலாம். வண்டிச் சக்கரத்தின் ஆரைகள் போல, கை, கை, கால், கால் என உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் நிலத்தைத் தொடும். இதனைச் சக்கரக் கரணம் என்போம்.

முன்காலை மடித்து ஊன்றும்போது உடற்பாரம் அதன்மேற் சாய்கிறது. பின்காலை மேலே வீசுவன புட்டத் தசையும் தொடையின் பின்புறத் தசைகளுமாம். அக்கணமே முன்தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் முன்காலை நிமிர்த்தி நிலத்தை உதைக்கின்றன. சுழற்சிக்கு வேண்டிய விசையிற் பெரும்பகுதி இங்கேயே பிறந்துவிடுகிறது. கைகளே உடலைத் தூக்குகின்றன என்பது பார்ப்போரின் மயக்கம். அவற்றின் கடமை தாங்குவதே. முழங்கை மடியாது காப்பது மேற்கையின் பின்புறமுள்ள முத்தலைத் தசை. தோளை மூடிய முக்கோணத் தசை கையைத் தலைக்கு மேல் உயர்த்த, விலாவெலும்புகளிலிருந்து தோட்பட்டையைப் பற்றியுள்ள, வாட்பல் போன்ற விளிம்புடைய தசை அப்பட்டையைச் சுழற்றி நிறுத்துகிறது. இது சோரின் தோள் அமிழ்ந்துவிடும். வயிற்றுத் தசைகளும் முள்ளந்தண்டை ஒட்டிய தசைகளும் ஒருங்கே இறுகாவிடின் சக்கரம் கோணும். கால்களை இடுப்பின் வெளிப்புறத் தசைகள் விரிக்க, உட்தொடைத் தசைகள் நீண்டு இடங்கொடுத்தல் வேண்டும். இறங்குகையில் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகி வீழ்ச்சியைத் தணிக்கிறது.

நிமிர்நடையால் விடுபட்ட கையை உழைப்பே உருவாக்கியது என 1876இல் எங்கெல்ஸ் வாதிட்டார். கரணமிடுகையில் அக்கை கணப்பொழுது மீண்டுங் காலாகிறது. மணிக்கட்டு ஏறத்தாழச் செங்கோணத்துக்குப் பின்வளைய, விரல்கள் காற்பெருவிரல் போல நிலத்தை அழுத்திச் சமநிலை தேடுகின்றன.

கரைவலை இழுக்குங் குடும்பத்துப் பிள்ளைக்கு இது 'இரத்தத்திலேயே' வருமென்பாருமுளர். வலைக்கயிற்றை இழுப்பவை முதுகின் அகன்ற தசையும் முழங்கையை மடக்கும் இருதலைத் தசையுமே. கரணத்தில் முழங்கையை நிமிர்த்தித் தாங்குபவை அவற்றுக்கு எதிர்த்தொழில் புரிவன. தந்தைக்கேகூட அவ்வலிமை அப்படியே கரணமாக மாறாதெனில், மகனுக்கு அது பிறப்பால் வருவதெங்ஙனம்? கரையிற் பலமுறை விழுந்தெழுந்தே அவன் இதனைக் கற்கிறான்.

விழுமிடமும் முக்கியமே. உலர்மணல் காலடியில் விலகுவதால் உதைப்பின் விசை வீணாகிறது. அலை நனைத்து இறுகிய மணலோ உதைப்பைத் திருப்பித் தருகிறது. இக்கரையிற் கடலின் ஏற்றவிறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே அந்த இறுகிய மணற்கீற்று ஒடுங்கியது. சிறுவர் முறைவைத்தே அதிற் கரணமிட வேண்டியுள்ளது.