இந்தியா மிக்சிக்கு டிரான்ஸ்பார்மர் வேண்டாம். ஜப்பான் குக்கருக்கு அடாப்டர் போதாது

மாசாய் – தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பும் குடும்பங்களின் பெட்டியில் துணிமணிக்கு நடுவே ஒரு மிக்சியோ டேபிள்டாப் கிரைண்டரோ இருப்பது புதிதல்ல. தாமான் ரிந்திங், பண்டார் ஸ்ரீ ஆலாம் பக்கத்துச் சமையலறைகளில் தோசை மாவு அரைக்கும் இயந்திரங்கள் பல அப்படி வந்தவைதாம். இன்னொரு பக்கம், ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருள்களை விற்கும் பண்டல் கடைகளில் ரைஸ் குக்கரும் பாட்டுப்பெட்டியும் மலிவாகக் கிடைக்கின்றன. அமெரிக்கா, தைவான் பொருள்கள் இணையம் வழி வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன.

இவற்றில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில்தான் குழப்பம். "இந்தியா கரண்டு வேற, நம்ம கரண்டு வேற" என்று சொல்லி மிக்சிக்கு டிரான்ஸ்பார்மர் தேடுபவர்கள் உண்டு. அதே வீட்டில், ஜப்பான் குக்கரின் தட்டை முள் பிளக்குக்கு ஐந்து வெள்ளி அடாப்டர் ஒன்றை மாட்டி, நேரே சுவரில் செருகிவிடுவதும் உண்டு. உண்மை நேர்மாறானது. இந்தியப் பொருளில் வோல்ட் பிரச்சினை இல்லை. பிளக்கும் எர்த்தும்தான் பிரச்சினை. ஜப்பான், அமெரிக்கப் பொருளில் வோல்ட்தான் முதல் பிரச்சினை.

மலேசியாவில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். முன்பு 240 என்று இருந்ததை 2008 ஜனவரி 1 முதல் 230 என்று அறிவித்தார்கள். ஆறு விழுக்காடு குறையலாம், பத்து விழுக்காடு கூடலாம் என்பது அனுமதிக்கப்பட்ட அளவு. அதாவது 216 முதல் 253 வோல்ட் வரை எதுவும் வீட்டுக்கு வரலாம். அதனால் பழைய பொருளில் 240 என்று எழுதியிருந்தாலும் கவலையில்லை. இந்தியாவிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். இலங்கையிலும் அதுவே. சிங்கப்பூரில் மின்சாரம் மட்டுமல்ல, பிளக்கும் நம்முடையதுதான். சீனா 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆனால் ஜப்பான் 100 வோல்ட், தைவான் 110, அமெரிக்கா 120.

வோல்ட்டைத் தண்ணீர்த் தொட்டியின் உயரமாக நினைத்துக்கொள்ளலாம். தொட்டி உயர உயர, அதே குழாயில் தண்ணீர் வேகமாகப் பாயும். வெப்பம் தரும் பொருள்களில் இது இன்னும் கொடுமை. வோல்ட் இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும். சூடோ நான்கு மடங்காகிவிடும்.

ஜப்பானில் 100 வோல்ட்டில் 600 வாட் எடுக்கும் சாதாரண ரைஸ் குக்கர் ஒன்றை மாசாயில் 230 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் என்ன ஆகும்? கணக்குப்படி அது சுமார் 3,170 வாட் இழுக்கும். தண்ணீர் கொதிக்க வைக்கும் பெரிய கெட்டில்கூட அவ்வளவு எடுப்பதில்லை. அறுநூறு வாட்டுக்கென்று செய்த மெல்லிய கம்பியும் தகடும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட சூட்டைத் தாங்க வேண்டும். குக்கருக்குள் இருக்கும் வெப்ப பியூஸ் முதலில் உருகிவிட்டால் பொருள் மட்டும் போகும். அது உருகாவிட்டால் பிளாஸ்டிக் உருகும், வயர் எரியும்.

"பிளக்கில் பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று கேட்கலாம். மேலே சொன்ன குக்கர் இழுக்கும் மின்னோட்டம் சுமார் 13.8 ஆம்பியர். நம் பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் பியூஸ். தாண்டிவிட்டதே, உடனே உருகும் என்று தோன்றும். உருகாது. இந்த வகை பியூஸ் தன் அளவைப் போல் 1.6 மடங்கு மின்னோட்டத்தை, அதாவது கிட்டத்தட்ட 21 ஆம்பியரை, அரைமணி நேரமாவது தாங்க வேண்டும் என்பதுதான் அதன் தரநிர்ணயம். பெட்டியில் இருக்கும் சுவிட்சும் விழாது. சமையல் மேடையில் குக்கர் எரிந்துகொண்டிருக்கும்போது, பியூஸைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருக்கும்.

அடாப்டர் செய்வது ஒன்றே ஒன்று: தட்டை முள்ளையோ உருண்டை முள்ளையோ நம் சதுர முள்ளாக மாற்றித் தருகிறது. வோல்ட்டை அது தொடுவதே இல்லை. வோல்ட்டைக் குறைப்பது டிரான்ஸ்பார்மர். கையில் கனக்கும், வேலை செய்யும்போது லேசாக முனகும் இரும்புப் பெட்டி அது. உள்ளங்கையில் அடங்கும் கன்வெர்ட்டர் என்ற ஒன்றும் விற்கிறார்கள். அது மின் அலையை வெட்டி வெட்டி அனுப்பும் மலிவான வேலை. சூடு மட்டும் தரும் எளிய பொருளுக்குச் சில நிமிடம் தாங்கலாம். எலெக்ட்ரானிக் பலகை உள்ள குக்கருக்கும் மோட்டாருக்கும் ஆகவே ஆகாது.

டிரான்ஸ்பார்மர் வாங்குவதானால் பொருளின் வாட் அளவைவிடக் கூடுதலான அளவில் வாங்க வேண்டும். மோட்டார் உள்ளதென்றால் இரண்டு மடங்காவது வேண்டும், ஏனென்றால் மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ஜப்பானின் நல்ல இண்டக்ஷன் குக்கர் 1,200 வாட் வரை எடுக்கும். அதற்கு 2,000 வாட் டிரான்ஸ்பார்மர் என்றால் விலையும் எடையும் குக்கரையே மிஞ்சிவிடும். பண்டல் கடையில் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். வெளிப்படையாகச் சொன்னால், சோறு ஆக்குவதற்கு உள்ளூர்க் குக்கரே புத்திசாலித்தனம். நல்ல ஜப்பான் பாட்டுப்பெட்டிக்கு டிரான்ஸ்பார்மர் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. குறைந்த வாட், சின்னப் பெட்டி போதும்.

டிரான்ஸ்பார்மராலும் மாற்ற முடியாத ஒன்று ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் தைவானிலும் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. ஜப்பான் இன்னும் விசித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஓசாகா அமெரிக்காவிலிருந்தும் மின் இயந்திரங்கள் வாங்கியதால், ஒரே நாட்டின் கிழக்கில் 50, மேற்கில் 60 என்று இன்றுவரை ஓடுகிறது. அதனால் ஜப்பான் பொருள்கள் பலவற்றில் 50/60 என்று இரண்டும் போட்டிருப்பார்கள். 60 மட்டும் போட்டிருந்தால்தான் யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட மின்விசிறியோ சலவை இயந்திரமோ இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும், மோட்டார் கூடுதலாகச் சூடேறும். மின்சாரத் துடிப்பை எண்ணி ஓடும் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். பழைய பாணி மைக்ரோவேவ் அடுப்புக்கும் இது கெடுதல்.

கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பொருளின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு தகடு அல்லது வில்லை இருக்கும். அதில் ‘இன்புட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் உலகில் எங்கும் செருகலாம். அடாப்டர் மட்டும் போதும். 100 என்றோ 120 என்றோ ஒற்றை எண் இருந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும். பழைய பாட்டுப்பெட்டிகளிலும் முடி உலர்த்திகளிலும் 110, 220 என்று மாற்றும் சின்னச் சுவிட்ச் இருக்கும். செருகுவதற்கு முன் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பது அவசியம்.

இந்தத் தகட்டை இந்திய மிக்சியிலும் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்காகவே தமிழ்நாட்டு நிறுவனங்கள் 110 வோல்ட் மிக்சிகளையும் கிரைண்டர்களையும் செய்து விற்கின்றன. பெயர், நிறம், ஜாடி எல்லாம் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். அமெரிக்க உறவினர் கொடுத்துவிட்டுப் போன மிக்சியோ இணையத்தில் அவசரமாக வாங்கியதோ அந்த வகையாக இருந்தால், இங்கே சுவிட்சைப் போட்ட சில நொடியில் புகை வரும்.

தகட்டில் 230 என்றே இருக்கிறது; அப்புறம் என்ன? முள். இந்தியப் பிளக்கின் மூன்று உருண்டை முள்களும் நம் பிளக்கின் மூன்று சதுர முள்களும் ஒரே வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்துதான். உருண்டை முள் பழைய பிரிட்டிஷ் முறை. இந்தியா அதையே வைத்துக்கொண்டது. சதுர முள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947இல் பிரிட்டனில் வந்த தரநிர்ணயம். மலேசியா அதற்கு மாறிக்கொண்டது.

இரண்டுக்கும் முக்கிய வேறுபாடு வடிவத்தில் இல்லை, பியூஸில் இருக்கிறது. இந்தியப் பிளக்கில் பியூஸ் கிடையாது. நம் வீடுகளில் ஒரு வரிசை சாக்கெட்டுகள் 20 அல்லது 32 ஆம்பியர் சுவிட்சில் தொங்குகின்றன. மிக்சியின் மெல்லிய வயரைக் காப்பது அந்தச் சுவிட்ச் அல்ல, பிளக்குக்குள் இருக்கும் சின்ன பியூஸ்தான். பியூஸ் இல்லாத அடாப்டரில் இந்தியப் பிளக்கைச் செருகினால் அந்தக் காவல் போய்விடுகிறது. 750 வாட் மிக்சி மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல்தான் எடுக்கும். டேபிள்டாப் கிரைண்டர் ஒரு ஆம்பியர்கூட எடுக்காது. இவற்றுக்கு 5 ஆம்பியர் பியூஸே தாராளம். எல்லாப் பிளக்கிலும் 13 போட்டு வைப்பது வழக்கமாகிவிட்டதே தவிர, சரியானதல்ல.

இதைவிட மோசமான வழக்கம் ஒன்று, பேனாவையோ சொப்ஸ்டிக்கையோ சாக்கெட்டின் மேல் துளையில் குத்தி, கீழே மூடியிருக்கும் கதவைத் திறந்து, இரண்டு முள் பிளக்கைச் செருகுவது. மேல் துளை எர்த். கீழ்த் துளைகளின் கதவு குழந்தைகளுக்காக வைத்தது. அப்படிச் செருகிய பிளக் தளர்ந்து நிற்கும், தீப்பொறி விடும், எர்த்தும் கிடைக்காது.

கிரைண்டருக்கு எர்த் இல்லாமல் இருப்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே பெரிய ஆபத்து. எவர்சில்வர் உடல், உள்ளே ஈர மாவு, வெளியே ஈரக் கை, காலடியில் ஈரத் தரை. உள்ளே ஒரு வயரின் உறை தேய்ந்து உடலைத் தொட்டால், எர்த் இருக்கும்போது மின்சாரம் அந்த வழியே ஓடிவிடும், சுவிட்ச் விழும். எர்த் இல்லையென்றால் அது தொடுகிற ஆளின் வழியாகத்தான் இறங்கும். கிரைண்டரைத் தொடும்போது லேசாகச் சுர்ரென்றால், "பழைய மெஷின், அப்படித்தான்" என்று விட்டுவிடக்கூடாது. அன்றே நிறுத்த வேண்டும்.

ஆகவே இந்தியப் பொருளுக்கு நிரந்தர வழி, அதன் பிளக்கை வெட்டிவிட்டு சிரிம் ஒட்டுவில்லை உள்ள மூன்று முள் பிளக்கை மாட்டுவது. பழைய இந்திய வயர்களில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதியவற்றில் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். பிளக்கைத் திறந்து எர்த் முள் மேலே இருக்கும்படி பார்த்தால், பியூஸ் இருக்கும் வலப்பக்கம் உயிர்க்கம்பி, இடப்பக்கம் நியூட்ரல். அமெரிக்க வயரில் மட்டும் இந்தப் பழக்கம் ஏமாற்றும்: அங்கே கறுப்புதான் உயிர்க்கம்பி, வெள்ளை நியூட்ரல். நிறத்தில் சந்தேகம் வந்தால் சான்றிதழ் உள்ள வயர்மேனிடம் கொடுப்பதே மேல். பிளக், அடாப்டர், ரைஸ் குக்கர் போன்றவற்றை இந்நாட்டில் விற்க எரிசக்தி ஆணையத்தின் அனுமதி வேண்டும். சிரிம் வில்லை அதற்கு அடையாளம். ஐந்து வெள்ளி அடாப்டரில் அதைத் தேடிப் பார்க்கலாம்.

பிளக் சரியாக இருந்தும் வீட்டில் எர்த் இல்லையென்றால் பயனில்லை. தோட்டங்களில் இன்னும் இருக்கும் பழைய குடியிருப்புகளிலும், பின்னால் தாங்களாகவே இழுத்துக் கட்டிய சமையலறைகளிலும் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், எர்த் கம்பி இருக்கிறதா என்பது கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். வயர்மேன் சில நிமிடங்களில் சோதித்துச் சொல்லிவிடுவார்.

அவர் வரும்போது இ.எல்.சி.பி. என்று நாம் சொல்லும் கசிவுத் தடுப்புச் சுவிட்சையும் பார்க்கச் சொல்லலாம். 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கையில் பிடித்து இயக்கும் பொருள்களுக்கு 30 மில்லிஆம்பியர், குளியலறை போன்ற ஈரமான இடத்துக்கு 10, மற்றவற்றுக்கு 100 என்று அளவு வைத்திருக்கின்றன. முழு வீட்டுக்கும் 100 ஒன்று மட்டும் இருந்தால் அது தீயைத் தடுக்க உதவும். ஆளைக் காப்பது 30தான். கிரைண்டர் ஓடும் சமையலறைச் சாக்கெட்டுக்கு 30 இருக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் சுவிட்ச் டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் முதலில் தொடுவது அவரை அல்ல, மெயின் சுவிட்சை. அதை அணைத்த பிறகே அவரை நகர்த்த வேண்டும், உடனே 999.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. இங்கே வாங்கிய கெட்டிலையோ இஸ்திரிப் பெட்டியையோ சென்னைக்குக் கொண்டுபோனால் வோல்ட்டைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. ஆனால் பயண அடாப்டர்கள் பலவற்றில் இந்தியப் பக்கம் இரண்டே முள்தான். எர்த் அங்கேயே அறுந்துவிடுகிறது. அங்குள்ள கடைகளில் மூன்று உருண்டை முள் கொண்ட அடாப்டர் கிடைக்கும். இஸ்திரி போன்ற அதிக வாட் பொருளுக்கு அங்கே 16 ஆம்பியர் என்ற பெரிய சாக்கெட் தனியாக இருக்கும். அதற்கேற்ற பெரிய முள் அடாப்டரைக் கேட்டு வாங்க வேண்டும்.