ஆர்டர் கூடியது, பாக்கியும் கூடியது!



மதுரை கீழமாசி வீதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். எங்களிடம் அரிசி, பருப்பு, எண்ணெய் எடுப்பவர்களில் பாதிப் பேர் சிறு ஓட்டல், மெஸ் நடத்துபவர்கள். அவர்கள் கல்லா நிறைந்தால்தான் எங்கள் பேரேட்டில் வரவு விழும்.

அப்படி ஒரு மெஸ். கணவனும் மனைவியுமாக நடத்துவது. "அண்ணாச்சி, செல்போன் செயலியில் சேர்ந்துவிட்டோம். தினம் அறுபது பார்சல் போகிறது" என்று ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னார். எங்களிடம் எடுக்கும் சரக்கும் கூடியது. நாங்களும் மகிழ்ந்தோம். ஆறு மாதம் கழித்துப் பேரேட்டைப் புரட்டினால் அவர் பெயரில் பாக்கி 62,000 ரூபாய்! வாரம் தவறாமல் பணம் கட்டிவந்த மனிதர். விற்பனை கூடினால் பாக்கி குறையத்தானே வேண்டும்? சரக்கை நிறுத்துவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம் என்று இருவரையும் நோட்டுப் புத்தகத்தோடு கடைக்கு வரச் சொன்னோம்.

ஒரு சாப்பாட்டின் கணக்கு

மெஸ்ஸில் ஒரு சாப்பாடு 120 ரூபாய். அரிசி, காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து அடக்கம் 52 ரூபாய். செயலியில் முன்னால் தெரிய வேண்டும் என்று 20 விழுக்காடு தள்ளுபடி கொடுத்திருந்தார். அந்தத் தள்ளுபடி முழுவதும் அவர் கையிலிருந்து போவது. ஆக, விலை 96 ரூபாய் ஆகிவிட்டது. இவரது ஒப்பந்தப்படி கமிஷன் 22 விழுக்காடு. அதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 25 ரூபாய். விளம்பரக் கட்டணம் ஆர்டருக்குச் சராசரி 8 ரூபாய். டப்பா, பை, கரண்டிக்கு 7 ரூபாய். அடக்கத்தையும் கழித்தால் மீதி வெறும் 4 ரூபாய்!

அறுபது பார்சலுக்கு நாள் ஒன்றுக்கு 240 ரூபாய். இந்தப் பார்சலுக்காகவே வைத்த ஆளுக்குத் தினக்கூலி 600 ரூபாய். தினமும் 360 ரூபாய் நஷ்டம்; மாதம் 10,800. ஆறு மாதத்துக்குப் பெருக்கினால் எங்கள் பேரேட்டில் நின்ற பாக்கி கிட்டத்தட்ட அப்படியே வந்து நிற்கிறது. "அப்படியானால் தள்ளுபடி கொடுத்தது நாங்கள் இல்லையா? உங்கள் சரக்கா அண்ணாச்சி?" என்று அந்த அம்மா கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

செயலியை விடலாமா?

விட வேண்டியதில்லை. 2008-இல் டெல்லியில் ஓட்டல் விலைப்பட்டியல் காட்டும் தளமாகத் தொடங்கியது சொமேட்டோ. 2014-இல் பெங்களூரில் தொடங்கியது ஸ்விக்கி. இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் பசித்தால் முதலில் பார்ப்பது செல்போனைத்தான். தெருவில் போர்டு மாட்டுவது போல அங்கேயும் ஒரு போர்டு வேண்டும். ஆனால் போர்டுக்கு எவ்வளவு வாடகை கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும். அந்த மெஸ்ஸில் செய்த மாற்றங்களைச் சொல்கிறோம்.

ஒன்று: அறுபது அயிட்டம் இருந்த பட்டியலைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். நன்றாக விற்பது, பார்சலில் கெடாதது, லாபம் நிற்பது, இவை மட்டும். தீர்ந்துபோன பண்டத்தை உடனே செயலியில் நிறுத்திவிட வேண்டும். ஆர்டரை ஏற்றுக்கொண்டு பிறகு இல்லை என்றால் கடையின் பெயர்தான் கெடும்.

இரண்டு: எல்லாவற்றுக்கும் கொடுத்த தள்ளுபடியை எடுத்தார்கள். 300 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஆர்டருக்கு மட்டும் சிறு சலுகை. விளம்பரம் மதியமும் இரவும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும். அதற்கும் தினசரி ஒரு வரம்பு.

மூன்று: தம் கடைச் சாப்பாட்டையே பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டார்கள். சாம்பார் கசியாத டப்பா வாங்கினார்கள். குறை எழுதியவருக்கு அன்றைக்கே பணிவாகப் பதில் போட்டார்கள். காசு செலவில்லாத விளம்பரம் இதுதான்.

நான்கு: நடந்து போகும் தூரத்தில் உள்ளவர்கள் கடைக்கே போன் செய்தால் கமிஷன் இல்லை. கடை வாசலிலும் பில்லிலும் போன் எண்ணைப் பெரிதாக அச்சிட்டார்கள். செயலி வழியாகப் போகும் பார்சலில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பதை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுச் செய்ய வேண்டும்.

ஐந்து: வாரந்தோறும் செயலியின் கணக்குச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒத்துப் பார்க்கிறார்கள். 1.1.2022 முதல் சாப்பாட்டின் மீதான 5 விழுக்காடு ஜி.எஸ்.டி.யைச் செயலி நிறுவனமே வசூலித்துக் கட்டுகிறது. ஆனால் கமிஷன் மீதான வரி ஓட்டல்காரர் தலையில்தான். 5 விழுக்காட்டில் இருப்பவர் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. பிடிக்கப்படும் டி.டி.எஸ். 1.10.2024 முதல் 0.1 விழுக்காடாகக் குறைந்தது. அதை வருமான வரிக் கணக்கில் மறக்காமல் காட்ட வேண்டும்.

ஆர்டர் அறுபதிலிருந்து நாற்பத்திரண்டாக இறங்கியது. ஆனால் ஒவ்வொன்றிலும் சராசரி 27 ரூபாய் நின்றது. கூலி போக நாளுக்கு 500 ரூபாய்க்கு மேல் மிச்சம். மாதம் 8,000 வீதம் எட்டு மாதத்தில் பாக்கியை அடைத்துவிட்டார்.

சங்கம் செய்யக்கூடியது

கமிஷன் குறித்துத் தனி ஆளாகப் பேசினால் காதில் விழாது. ஓட்டல்காரர்களின் தேசிய சங்கம் கொடுத்த புகாரின் பேரில்தான் 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் இரு பெரிய நிறுவனங்கள் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. அதே மாதம் மத்திய அரசு முயற்சியான ஓ.என்.டி.சி. கோவை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் சோதனை முறையில் தொடங்கியது. அதையும் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

மொத்த வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டல்காரர் திடீரென்று சரக்கு அதிகம் எடுத்தால் மகிழ்ச்சியோடு மூட்டையை ஏற்றிவிடாதீர்கள். "ஒரு சாப்பாட்டில் எவ்வளவு நிற்கிறது தம்பி?" என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாவிட்டால் கூட உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள். ஊசி போவதைப் பார்த்தவன் உலக்கை போவதைப் பாரான் என்பார்கள். அவர் கடையிலிருந்து போகும் உலக்கை நம் கடை உலக்கையாகவும் இருக்கலாம்.