தூங்கும்வரை நல்லது! ஸ்டாண்ட்பை எல்.சி. தெரியுமா?

திருப்பூரிலிருந்து ஒரு கன்டெய்னர் பனியன் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுகிறது என்று வையுங்கள். பணம் எப்போது? தொண்ணூறு நாள் கழித்து! அதுவரை சரக்கு பையர் கையில், இன்வாய்ஸ் நகல் நம் கையில். அவர் கம்பி நீட்டிவிட்டால் அந்த ஊருக்குப் போய் வழக்குப் போட வேண்டும். வக்கீல் ஃபீஸுக்கே லாபம் முழுக்கக் கரைந்துவிடும். இந்த வயிற்றுக் கலக்கத்துக்கு வங்கிகள் வைத்திருக்கிற மருந்துதான் ஸ்டாண்ட்பை எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்): 'பையர் தராவிட்டால் நாங்கள் தருகிறோம்' என்று பையரின் வங்கி எழுதித் தரும் வாக்கு. ஏற்றுமதிக்காரர்கள் வாயில் எஸ்.பி.எல்.சி.

பயன்படவே கூடாது என்று வேண்டிக்கொண்டே கமிஷன் கட்டி வாங்குகிற பத்திரம் இது, தெரியுமா? சாதாரண எல்.சி.யில் ஒவ்வொரு ஷிப்மென்டுக்கும் பணம் அதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஸ்டாண்ட்பை அப்படியில்லை. பையர் ஒழுங்காகப் பணம் அனுப்பும்வரை அது கார் டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி போலச் சும்மா கிடக்கும். கெடு தப்பியது என்றால்தான் வெளியே வரும். பத்து ஷிப்மென்டுக்குப் பத்து எல்.சி. திறக்காமல், இரண்டு மூன்று ஷிப்மென்ட் மதிப்புக்கு ஒரே ஒரு ஸ்டாண்ட்பை வாங்கி வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கடன் கணக்கில் ஓட்டுகிறார்கள். எண்ணெய் வியாபாரத்திலும் இந்த வழக்கம் உண்டு.

இது அமெரிக்க வங்கிகள் கண்டுபிடித்த சந்து வழி என்பது தெரியுமா? பிறர் கடனுக்கு ஜாமீன் நிற்க அந்த நாட்டு வங்கிகளுக்கு அதிகாரம் இல்லை என்பது பழைய சட்டக் கருத்து. ஆனால் எல்.சி. கொடுக்கத் தடையில்லையே! ஜாமீனுக்கு எல்.சி. சட்டையை மாட்டிவிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் அந்தச் சட்டை நடமாடுகிறது.

பணம் வாங்க என்ன காட்ட வேண்டும்? இதுதான் மலைக்க வைக்கும் இடம். பல ஸ்டாண்ட்பைகளில் கேட்பது இவ்வளவே: பணம் கேட்டு ஒரு கடிதம், இன்வாய்ஸ் நகல், பில் ஆஃப் லேடிங் (கப்பல் ரசீது) நகல், 'இன்ன எண் இன்வாய்ஸுக்கான தொகை கெடு தேதிக்குள் வந்து சேரவில்லை' என்று கையெழுத்திட்ட ஒரு தாள். முடிந்தது! “சரக்கு மட்டம், கொடுக்காதீர்கள்” என்று பையர் தன் வங்கியில் போய்க் கத்தினாலும் வங்கி காதில் போட்டுக்கொள்ளாது. வங்கிக்குச் சரக்கைப் பற்றி அக்கறையில்லை, காகிதம் சரியா என்பது மட்டுமே கேள்வி. சரக்குச் சண்டையைப் பையரும் விற்றவரும் பிறகு தனியாக வைத்துக்கொள்ளலாம். பணம் முதலில் விற்றவர் கைக்கு. பையர் திவாலானாலும் வங்கி கொடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் அது வங்கியே தந்த வாக்கு.

ஸ்டாண்ட்பைக்கென்றே தனி விதிப்புத்தகம் இருக்கிறது: ஐ.எஸ்.பி.98. 1999 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதில் ஒரு விதியைப் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பணம் கேட்கும் கடிதத்தின் வாசகத்தை ஸ்டாண்ட்பையிலேயே அச்சிட்டு, 'அச்சு அசலாக இதே வாசகம்' என்று நிபந்தனையும் போட்டிருந்தால், அதிலுள்ள எழுத்துப் பிழையையும் அப்படியே காப்பியடிக்க வேண்டும்! வங்கி கிளார்க் உங்கள் கம்பெனி பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தால் நீங்களும் விழுங்க வேண்டும். காற்புள்ளி, இடைவெளி எதையும் திருத்தக் கூடாது. தமிழாசிரியர் யாராவது ஏற்றுமதி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளே சிவப்பு மையைப் பிடுங்கி வைத்துவிட வேண்டியதுதான்!

காகிதத்தில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரைக் கடலையே சாட்சி, தெரியுமா? இரண்டாம் உலகப் போர்க் காலம். மதராஸிலிருந்து டென்மார்க்கின் ஆர்ஹுஸ் துறைமுகத்துக்குச் சுமார் 1,400 டன் நிலக்கடலை. லண்டனின் ஹாம்ப்ரோஸ் வங்கி தந்த எல்.சி.யில் 'கோரமண்டல் நிலக்கடலை' என்று இருந்தது. வந்த பில் ஆஃப் லேடிங்கில் 'இயந்திரத்தில் உடைத்த நிலக்கடலைப் பருப்பு'. இரண்டும் ஒன்றுதான் என்பது லண்டன் கடலை வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வங்கி பணம் தர மறுத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. வங்கி செய்தது சரியே என்று தீர்ப்பு! ஆயிரக்கணக்கான தொழில்களின் வழக்குச் சொற்களையெல்லாம் வங்கிக்காரர் தெரிந்துவைத்திருக்க முடியாது என்றார்கள். அது சாதாரண எல்.சி. வழக்குதான். ஆனால் காகிதத்தை உற்றுப் பார்க்கும் அந்தக் கண் ஸ்டாண்ட்பைக்கும் பொருந்தும்.

1920-களில் இன்னொரு கூத்து. படேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) வெனிலா. தரச் சான்றை 'நிபுணர்கள்' தர வேண்டும் என்பது நிபந்தனை. தந்திச் சுருக்கெழுத்தில் ஒருமை, பன்மை வேறுபாடு இல்லாததால் அது 'நிபுணர்' ஆகிவிட்டது. ஒரே ஒருவர் சான்று தந்தார், வங்கியும் பணம் தந்தது. சரக்கைப் பிரித்தால் வெனிலாவைவிடக் குச்சியும் கல்லும் பழைய இரும்பும்தான் அதிகம்! வங்கிதான் மாட்டிக்கொண்டது, பையரிடம் அந்தப் பணத்தை வசூலிக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று.

அப்படியானால் விற்பவர் குப்பையை அனுப்பியும் காசு பார்க்கலாமா? அதற்கும் ஒரு தடுப்பு உண்டு, அதிலும் நம் நாட்டுச் சம்பந்தம் இருக்கிறது. லக்னோ கம்பெனி ஒன்று பன்றி முடிக்குப் பதிலாக மாட்டு முடியையும் குப்பையையும் ஐம்பது பெட்டிகளில் அடைத்து அனுப்பியதாக அமெரிக்க பையர் நியூயார்க் நீதிமன்றத்தில் முறையிட்டார். புகார் உண்மையானால் வங்கி பணம் கொடுப்பதைத் தடுக்கலாம் என்று 1941-ல் நீதிமன்றம் சொன்னது. மோசடி என்றால் மட்டும்தான் இந்த விலக்கு. தரத்தில் வருகிற சாதாரணச் சண்டைக்கு இது பொருந்தாது.

இன்னொன்று: ஸ்டாண்ட்பையின் கெடு முடிகிற நாளில் வங்கியே மூடிக்கிடந்தால்? வெள்ளம், கலவரம், எதுவாகவும் இருக்கட்டும். சாதாரண எல்.சி.களுக்கான யு.சி.பி. 600 விதிப்படி, அந்த அடைப்பில் காலாவதியானது போனதுதான். ஐ.எஸ்.பி.98-ல் வங்கி மறுபடி திறந்த நாளிலிருந்து 30 நாள் கூடுதலாகக் கிடைக்கும்! ஸ்டாண்ட்பையை இந்த இரண்டில் எந்த விதிக்குக் கீழும் எழுதலாம். எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் வாங்கி வைப்பவர்கள்தான் பாவம்.

வங்கியே தடுமாறினால்? 2022-ல் இலங்கையில் டாலர் வற்றியபோது வங்கிகள் எல்.சி. திறக்கத் திணறின, பணம் கட்ட வழியில்லாமல் எரிபொருள் கப்பல் கரைக்கு வராமல் கடலில் காத்துக் கிடந்தது. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் 'கன்ஃபர்மேஷன்'. விற்பவர் ஊர் வங்கி, 'அவர்கள் தராவிட்டால் நான் தருகிறேன்' என்று தானும் கைநாட்டு வைக்கும். கமிஷன் கூடும். நாடே தள்ளாடும்போது அது கொள்ளை மலிவு என்பது என் கட்சி.

ஆனால் இந்தக் கத்தி இரு பக்கமும் வெட்டும். வேலையை முடித்துத் தருவேன் என்றோ, வாங்கிய முன்பணத்தைக் கேட்டால் திருப்பித் தருவேன் என்றோ விற்பவரும் ஸ்டாண்ட்பை தருவதுண்டு. ஈரானில் வேலை எடுத்த அமெரிக்கன் பெல் நிறுவனம் முன்பணத்துக்காக அப்படித் தந்தது. 1979-ல் புரட்சி வந்தது. 3 கோடி டாலருக்கு மேல் கேட்டு ஈரான் தரப்பு கை நீட்டியது. தடுக்கக் கேட்டு நியூயார்க் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் கையை விரித்தது. வெறும் கடிதத்தைக் காட்டினாலே பணம் தரும் இத்தகைய எல்.சி.க்கு வங்கித் தொழிலில் 'தற்கொலை எல்.சி.' என்றே பட்டப்பெயர்!

வைர வியாபாரி நீரவ் மோடியின் வங்கி மோசடி விவகாரத்தில் அடிபட்டது ஸ்டாண்ட்பை எல்.சி. இல்லை. அது லெட்டர் ஆஃப் அண்டர்டேக்கிங். 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அதை நிறுத்திவிட்டது. எல்.சி., வங்கி கேரண்டி தொடர்கின்றன. “ஸ்டாண்ட்பை எல்.சி. வாடகைக்குத் தருகிறோம், அதை வைத்துக் கோடி கோடியாகக் கடன் வாங்கலாம்” என்று யாராவது வாட்ஸாப்பில் வந்தால் உடனே பிளாக் செய்யுங்கள். மோசடிக்காரர்களின் பழைய வலை அது.

சரக்கு ஏற்றும் முன்பே உங்கள் வங்கியில் உட்கார்ந்து நாலு விஷயம் பாருங்கள்: ஸ்டாண்ட்பையின் கெடு தேதி கடைசி இன்வாய்ஸின் பணத் தேதிக்கு அப்புறம் போதிய நாள் தள்ளி இருக்கிறதா, காகிதங்களை எந்த ஊரில் தர வேண்டும், எந்த விதி, தந்த வங்கி எது. கப்பல் கிளம்பிய பிறகு ஸ்டாண்ட்பையில் ஓர் எழுத்தை மாற்றவும் பையரின் வங்கி சம்மதிக்க வேண்டும்.