மயில் துத்தத்தின் நீலம்

வயலில் போர்டோக் கலவை தயாரிப்போருக்கும் பள்ளியில் ரசாயனம் கற்பிப்போருக்கும் நன்கு பழகிய பொருள் மயில் துத்தம். அதைச் சோதனைக் குழாயிலிட்டு நன்கு சூடேற்றினால் நீலம் மறைந்து வெண்ணிறத் தூள் எஞ்சுகிறது. ஒரு துளி நீர் பட்டதும் நீலம் மீள்கிறது. எனவே நிறம் தாமிரத்துக்கு மட்டுமோ நீருக்கு மட்டுமோ உரியதன்று; இரண்டும் இணைந்திருக்கும் முறைக்கு உரியது.

இவ்விணைப்பைக் கரும்பலகையில் ஓர் அம்புக்குறியால் காட்டுவது வழக்கம். நீரிலுள்ள ஆக்ஸிஜன் தன் இரு எலெக்ட்ரான்களைத் தாமிர அயனிக்கு அளிக்கிறது என்பது அதன் பொருள். 1893-ல் ஆல்ஃபிரட் வெர்னர் கூறிய இரண்டாம் வகை வலுவெண்ணுக்குப் பின்னாளில் கிட்டிய விளக்கம் இது. எத்தனை மூலக்கூறுகள் இணைகின்றன என்று கணக்கிட அம்பு போதும். நீலம் ஏன் என்று மாணவன் வினவினால் அம்பு மௌனம் சாதிக்கிறது.

விடைக்கு வழி வகுத்தது, 1929-ல் ஹான்ஸ் பெத்தே வகுத்த படிகப் புலக் கொள்கை. தனித்த தாமிர அயனியில் எலெக்ட்ரான்கள் தங்கும் ஐந்து 'டி' நிலைகளும் சம ஆற்றலுடையவை. அண்டை மூலக்கூறுகள் நெருங்கினால், அவற்றை நோக்கி நீளும் நிலைகளின் ஆற்றல் மிகுதியாக உயர்கிறது. இடைவெளிகளில் பரவும் நிலைகள் அவ்வளவு உயர்வதில்லை. இவ்வேறுபாட்டுக்கு ஈடான ஒளியையே அயனி உறிஞ்சுகிறது. மயில் துத்தம் சிவப்பை உறிஞ்சுவதால் கண்ணுக்கு நீலம் எஞ்சுகிறது. நீர் நீங்கினாலோ புலம் தளர்ந்து, உறிஞ்சல் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புப் பக்கம் நகர்கிறது.

அண்டை அணுக்களின் புலம் வெறும் கற்பனையன்று என்பதற்குச் சான்று தேடியவர்களுள் ஒருவர், வத்திராயிருப்பில் பிறந்து, பின்னர் புது டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கிய கே. எஸ். கிருஷ்ணன். டில்லிக்கு வருமுன், டாக்காவிலும் கல்கத்தாவிலும் அவர் கையாண்ட முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. சிறு படிகமொன்றை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிடுவார். எல்லாத் திசைகளிலும் காந்தத் தன்மை ஒன்றாயிருந்தால் படிகம் திரும்பாது. அது திரும்பியது, இழையை எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து திசைக்குத் திசை உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டார்.

1936-லும் 1938-லும் கிருஷ்ணனும் முக்கர்ஜியும் மயில் துத்தப் படிகத்தையே இவ்வாறு ஆராய்ந்து வெளியிட்டனர். தாமிரத்தைச் சூழ்ந்த புலம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லை. 1934-ல் எக்ஸ்-கதிர் ஆய்வு காட்டிய அமைப்பும் அதற்கு இசைந்ததே: ஒவ்வொரு தாமிர அயனிக்கும் அருகில் நான்கு நீர் மூலக்கூறுகள், மேலும் கீழும், சற்றுத் தள்ளி, சல்பேட்டின் ஆக்ஸிஜன்கள் இரண்டு.

அண்டை அணுக்களை வெறும் மின்னூட்டப் புள்ளிகளாகக் கொள்வதே இக்கொள்கையின் குறை. உண்மையில் எலெக்ட்ரான்கள் ஓரளவு பங்கிடப்படுகின்றன. ஆதலால் அம்பை அழித்துவிட வேண்டியதில்லை. அதன் எல்லையைச் சொல்லிவிட்டால் போதும்.

வகுப்பில் காட்டத்தக்க சோதனை ஒன்றுண்டு. துத்தக் கரைசலில் அம்மோனியாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் முதலில் வெளிர்நீலப் படிவு தோன்றும். மேலும் சேர்த்தால் அது கரைந்து ஆழ்ந்த ஊதா கலந்த நீலமாகும். நீரின் இடத்தில் அம்மோனியா அமர்ந்து புலம் வலுப்பதே காரணம். துத்தம் நஞ்சாதலால் கரைசலை மாணவர் வாயருகே கொண்டு செல்லலாகாது. பலகையில் வாய்பாடு எழுதுகையில், ஐந்து நீரையும் ஒன்றாகச் சேர்க்காது நான்கைத் தாமிரத்தோடும் ஒன்றைத் தனியேயும் எழுதுவது நலம்; அந்த ஐந்தாவது நீர் தாமிரத்தைத் தொடுவதேயில்லை.