ஐந்து மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்ற ஆன்டெனா எது?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியபோது தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அவ்வேளையில் போர்ட் பிளேரில் தங்கியிருந்த அமெச்சூர் வானொலியாளர்கள் சிலர் தம் கருவிகளின் வழியே தீவுகளின் நிலையை வெளியே தெரிவித்தனர்; உறவினரின் கதி அறியாது தவித்தோருக்குச் செய்தி சேர்த்தனர். 'ஹாம்' எனப்படும் இக்கலை வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பேரிடரில் முதலில் தேவைப்படுவது கடல் கடந்த நாட்டுடன் பேசும் வசதியன்று. நூறு, இருநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருடன் பேசும் வசதியே. 3.5 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் பகலில் வானின் கீழடுக்கு விழுங்கிவிடும். 7 மெகாஹெர்ட்ஸ் அலைகளோ, இரவில் செங்குத்தாக மேலே சென்றால் பெரும்பாலும் திரும்புவதில்லை. இவ்விடைவெளியை நிரப்பும் வண்ணம் 2015இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, 5351.5 முதல் 5366.5 கிலோஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கு இரண்டாம் நிலை உரிமையாக ஒதுக்கியது. முதல் உரிமையுடையோருக்கு இடையூறு செய்தலாகாது.

இனி, ஆன்டெனாவுக்கு வருவோம். உயர்ந்த கம்பமே சிறந்தது என்பது பலரது எண்ணம். இங்கு அது பொருந்தாது. நெட்டுக்குத்தான ஆன்டெனா அலையைத் தொடுவானம் நோக்கி வீசுகிறது. அது அண்டை மாவட்டத்தைத் தாண்டித் தொலைவில் போய் விழும். தாழ்வாகக் கட்டிய கிடைக்கம்பியோ அலையை நேர்மேலே அனுப்புகிறது. அயனி மண்டலத்தில் பட்டு அது மழைபோலச் சுற்றுப்புறமெங்கும் இறங்குகிறது. இடையில் மலை நின்றாலும் தடையில்லை.

எனவே எளிய டைபோலே போதும். மொத்த நீளம் ஏறத்தாழ 26.6 மீட்டர், பக்கத்துக்கு 13.3 மீட்டர். நடுவில் கோ-ஆக்சியல் கேபிளை இணைக்க வேண்டும். ஏழெட்டு மீட்டர் உயரம், அதாவது மாடி வீட்டின் உயரமே தகும். ஒரே கம்பம்தான் உண்டெனில் நடுவை உயர்த்தி, இரு முனைகளையும் சரித்துக் கட்டலாம். முனைகள் கைக்கெட்டாமல் இருக்கட்டும். மின்கம்பிகளின் அருகே ஒருபோதும் கட்டாதீர்.

பெரிய ஆன்டெனாவால் ஆற்றலைப் பெருக்கவும் இங்கு வழியில்லை. அம்மாநாடு விதித்த பொதுவான உச்சவரம்பு, ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்தே 15 வாட். ஆன்டெனா எவ்வளவு பெருக்குகிறதோ அவ்வளவுக்குக் கருவியின் ஆற்றலைக் குறைத்தாக வேண்டும். உரிமமும், தம் நாட்டு விதிகள் இவ்வலைவரிசைக்குத் தரும் அனுமதியும் இன்றி ஒலிபரப்புதல் குற்றமாகும்.

தொலைதூரத்தாரை எட்டிப் பிடிப்பதில் பெருமை இருக்கலாம். ஆனால் வெள்ளம் சூழ்ந்த இரவில் பக்கத்து ஊரின் குரலைக் கேட்கச் செய்வது, தாழக் கட்டிய அந்தச் சாதாரணக் கம்பியே.